பத்தியம் இல்லாத மூலிகை

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். பிரஷர் குளிசைக்கும் சீனிக் குளிசைக்கும் துண்டு கொண்டுவருகிறவர்கள், காசைக் கொடுத்து மிச்சத்தை வாங்கிக்கொண்டு வெளிக்கிட்ட பிறகு, திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. "பசி எடுக்காமல் இருக்க ஏதும் மருந்து இருக்கா மகள்? இங்கிலீஷ் மருந்து வேணாம். மூலிகையில இருந்தாத் தாங்க."

கேட்பவர்கள் பலவிதம். கலியாணத்துக்கு நாள் குறித்த பெண்கள் வருகிறார்கள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஏறிய நிறை இறங்கவே இல்லை என்று இளம் தாய்மார் வருகிறார்கள். கட்டாரில் இருந்து லீவில் வந்த தம்பிமார், அங்கே வாங்கிய மெலியும் தேயிலைப் பெட்டியைக் காட்டி "இது இங்க எடுக்கலாமா?" என்கிறார்கள். கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய போத்தலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வரும் அம்மாமாரும் உண்டு. நிறை குறைய வேண்டும் என்று இவர்கள் எல்லோரும் உண்மையாகவே விரும்புகிறார்கள். அதனால் "அதெல்லாம் பொய்" என்று ஒரே சொல்லில் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. பின்னால் வரிசை நிற்கும்போது கடையில் விளக்கமாகப் பேசவும் முடிவதில்லை. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசியைத் தணிக்கும் மூலிகைகள் இருக்கின்றன. சிலவற்றுக்கு ஓரளவு ஆதாரமும் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பரிசாரிமார், அதாவது நாட்டு வைத்தியர்கள், எந்த மருந்தையும் தனியாகக் கொடுத்து அனுப்பியதில்லை. மருந்தோடு பத்தியமும் சொல்வார்கள்: எதைத் தின்னலாம், எதைத் தொடக் கூடாது, எப்போது குளிக்க வேண்டும், எத்தனை நாளைக்கு. பத்தியம் முறிந்தால் மருந்தும் முறிந்தது என்பது வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது போத்தலில் வரும் மூலிகை, அந்தப் பத்தியத்தைக் கழற்றிவிட்டு மருந்தை மட்டும் கொண்டுவருகிறது. நிறை குறைவதில் பெரும் பங்கு அந்தக் கழன்ற பாதியில்தான் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு ஊர்ப்பற்று தேவையில்லை. வெளிநாட்டு ஆய்வுகளே அதைத்தான் காட்டுகின்றன.

கொறுக்காப்புளியை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் ஆணத்துக்குப் பழப்புளி கரைக்கிற வீடும் உண்டு, கொறுக்காப்புளி போடுகிற வீடும் உண்டு. அந்தக் கொறுக்காய் இனத்து மரத்தின் பழத்தோலில் இருந்து எடுத்த சாறுதான் 'கார்சினியா கம்போஜியா' என்ற பெயரில் உலகம் முழுக்க விற்பனையாகும் மெலியும் கப்சூல். அதில் ஐதரொக்சி சித்திரிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. நாம் தின்னும் மாச்சத்தில் மிஞ்சுவதை உடம்பு கொழுப்பாக மாற்றும் வழியில் ஒரு நொதியம் வேலை செய்கிறது. இந்த அமிலம் அந்த நொதியத்தைத் தடுக்கும். சோதனைக்குழாயிலும் எலியிலும் நன்றாகத் தடுத்தது. எலிகள் குறைவாகத் தின்றன. விளம்பரங்கள் அதோடு கதையை நிறுத்திவிடுகின்றன.

மனிதரில் என்ன நடந்தது? 1998இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், நிறை கூடிய 135 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஒரு நாளைக்கு 1500 மில்லிகிராம் அமிலம் கிடைக்கும் அளவுக்குக் கார்சினியா கொடுத்தார்கள். மற்றப் பகுதிக்கு ஒன்றும் இல்லாத வெற்றுக் குளிசை. இரண்டு பகுதியினருக்கும் ஒரே மாதிரி, நார் கூடிய, கலோரி குறைந்த சாப்பாடு. 12 கிழமை முடிய, கார்சினியா எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்கள் 4.1 கிலோ குறைந்திருந்தார்கள். புள்ளிவிபரக் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

இந்த ஆய்வைச் சொல்கிறவர்கள் "கார்சினியா தோற்றது" என்பதோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது மற்ற விடயம். இரண்டு பக்கமும் நிறை குறைந்திருக்கிறது. குறைத்தது அந்தச் சாப்பாட்டு முறை. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் ஒருவரிடம் கேட்டிருந்தால், மருந்து நல்லாய் வேலை செய்கிறது என்றுதான் சொல்லியிருப்பார். கடையில் வந்து "அந்தக் கப்சூல் என்ர மச்சாளுக்கு வேலை செய்தது" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, அந்த மாதங்களில் மச்சாள் இரவுச் சோற்றை நிறுத்தினாவா, நடக்கத் தொடங்கினாவா என்பதைத்தான். பெரும்பாலும் ஓம் என்று வரும்.

ஆணத்தில் போடும் இரண்டு துண்டுக் கொறுக்காப்புளிக்கு யாரும் பயப்படத் தேவையில்லை. செறிவாக்கிய சாறை மாதக்கணக்கில் விழுங்குவது வேறு விடயம். கார்சினியா சேர்ந்த கப்சூல்களை எடுத்தவர்களில் சிலருக்கு ஈரல் பழுதாகியிருக்கிறது. 2009இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஹைட்ரொக்ஸிகட் என்ற பெயரில் விற்ற மெலியும் பொருட்களை எடுக்க வேண்டாம் என்று எச்சரித்ததும் ஈரல் பாதிப்புகளாலும் ஒரு மரணத்தாலும்தான். கண் மஞ்சளாவது, சிறுநீர் கடுந்தேத்தண்ணி நிறமாவது, வலது விலாவுக்குக் கீழே நோவது இவற்றில் ஒன்று வந்தாலும் கப்சூலை அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது கள்ளிமுளையான். வறண்ட நிலத்தில் முளைக்கும், இலையில்லாத, சதைப்பற்றான சின்னச் செடி. இந்தியாவில் பஞ்ச காலத்தில் பச்சையாகவே மென்று பசி ஆற்றிய மக்கள் உண்டு. இதைப் பற்றி 2007இல் பெங்களூரில் 50 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு கிராம் சாறு, 60 நாள். எடுத்தவர்களுக்குப் பசி குறைந்ததும், இடுப்புச் சுற்றளவு குறைந்ததும் தெரிந்தது. நிறையில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. பிறகு அவுஸ்திரேலியாவில் 12 கிழமை நடந்த சின்ன ஆய்வொன்றில் இதே செடியைச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கேயும் இடுப்பு இறங்கியது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் கொஞ்சம் இறங்கியது. ஆக, மூலிகை ஒரு கை கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், நடையும் சாப்பாடும் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் இடத்தில்தான் அந்தக் கை உதவுகிறது. இரண்டும் சின்ன ஆய்வுகள். அதனால் நான் இதற்கு அவசரப்பட்டு நல்ல சான்றிதழ் கொடுக்க மாட்டேன்.

இதே தாவரக் குடும்பத்தில் ஆபிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்து ஹூடியாவும் உண்டு. அங்குள்ள சான் மக்கள் நீண்ட வேட்டைப் பயணங்களில் மென்றது. பெரிய கம்பனிகள் இரண்டு காசைக் கொட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டன. 2011இல் வெளிவந்த ஆய்வில் 49 பெண்கள் 15 நாள் எடுத்தும் சாப்பிடும் அளவு குறையவில்லை. குமட்டலும் பிரஷர் ஏறியதும்தான் மிச்சம். அதை விட்டுவிடுவோம்.

நான் நின்று பேச விரும்புவது சிறுகுறிஞ்சாவைப் பற்றி. குறிஞ்சா இலை எங்கள் சமையலுக்குப் புதிதில்லை. நறுக்கித் தேங்காய்ப்பூவோடு சுண்டினால் கைப்பு ஓரளவு அடங்கும். சிறுகுறிஞ்சாப் பச்சை இலை ஒன்றிரண்டை நன்றாக மென்று, வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு கரண்டி சீனியை நாக்கில் போட்டுப் பாருங்கள். இனிப்பு இருக்காது. மணல் தின்பதுபோல இருக்கும். இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் வாங்கிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அரை மணித்தியாலம், சிலருக்கு ஒரு மணித்தியாலம் அப்படி இருக்கும். அந்த நேரத்துக்குள் தொதலோ சொக்லேட்டோ முன்னால் வந்தாலும் கை நீளாது. இனிப்புக்கு அடிமையான ஒருவருக்கு இது நல்ல துணை என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே சிறுகுறிஞ்சாவைப் பொடியாக்கிக் கப்சூலுக்குள் அடைத்தால் அது நாக்கைத் தொடாமலே வயிற்றுக்குள் போய்விடும். இனிப்பு ஆசையை மறைக்கும் வித்தை நாக்கில் நடப்பது. விழுங்கினால் அது நடக்காது. போத்தலின் மேல் "இனிப்பு ஆசையைப் போக்கும்" என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். உள்ளே போன பொடி வேறொரு வேலை செய்யலாம். இரத்தத்தில் சீனியைக் குறைக்கலாம். அது நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஏற்கெனவே சீனிக் குளிசை எடுப்பவருக்கு அது நல்லதில்லை.

என் பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம் என்பதால், அம்மாவின் வீடும் பெரியம்மாவின் வீடும் ஒரே வளவுக்குள், நடுவில் ஒரு கிணறு. பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம் கனகாலமாக இருக்கிறது. மெட்போர்மினோடு கிளிக்லசைட்டும் எடுக்கிறா. நிறையைக் குறைக்கச் சொல்லிக் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள் என்று அண்ணனிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறா. அண்ணன் அன்போடு வெளிநாட்டில் இருந்து சிறுகுறிஞ்சாக் கப்சூல் அனுப்பினார். கூடவே பெரியம்மா காலைச் சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்துக்கொண்டா. ஒரு நாள் பகல் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டா. போய்ப் பார்த்தால் பெரியம்மா திண்ணையில் இருக்கிறா, உடம்பெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது, கேட்ட கேள்விக்கு வேறு பதில். விரலில் குத்திப் பார்த்தபோது சீனி 58. 70க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. சீனி கரைத்த தண்ணீர் கொடுத்து, கால் மணித்தியாலத்தில் திரும்பப் பார்த்து, பிறகு பணிசும் பாலும் கொடுத்த பிறகுதான் ஆள் பழைய மாதிரிப் பேசினா.

கப்சூல் மட்டும் செய்ததா, குறைந்த சாப்பாடு செய்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குளிசை, மூலிகை, குறைந்த சாப்பாடு மூன்றும் ஒரே திசையில் இழுத்திருக்கின்றன. கிளினிக் டொக்டரிடம் போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கப்சூலை நிறுத்தினார். சாப்பாட்டைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் கிளிக்லசைட்டின் அளவையும் அதோடு சேர்த்துக் குறைக்க வேண்டும் என்று விளக்கி, மாற்றி எழுதினார். இந்த ஒரு விடயத்தைத்தான் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். சீனிக்கோ பிரஷருக்கோ குளிசை எடுப்பவர் நிறை குறையக் குறையக் குளிசையின் அளவும் மாற வேண்டிவரும். டொக்டருக்குத் தெரியாமல் அதைச் செய்யக் கூடாது. காத்தான்குடிப் பக்கத்து ராத்தாமார் நோன்பு மாதத்துக்கு முன்னமே குளிசை நேரத்தை மாற்றுவது பற்றிக் கேட்டுக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். நிறை குறைக்கத் தொடங்கும்போதும் அதே கவனம் வேண்டும்.

பிறகு பெரியம்மாவுக்கு என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன். 'வாழ்க்கை முறை மாற்றம்' என்று கிளினிக்கில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தைப் பெரியம்மா மடித்துச் சாமியறையில் வைத்துவிட்டா. அம்மாதான் வழி கண்டுபிடித்தா. "அக்கா, இது பத்தியம். பிள்ளை பெத்த நேரம் இருந்தமே, அப்படித்தான்" என்றா. அவ்வளவுதான். ஐந்து பிள்ளைகளுக்குச் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி காய்ச்சிய கை அது. தன் மருமக்களுக்கும் ஒரு நாள் பிசகாமல் பத்தியம் பார்த்த ஆள். அடுத்த நாளில் இருந்து சுளகு, உலை, கறிச்சட்டி எல்லாம் அந்த ஒழுங்குக்கு வந்துவிட்டன.

பத்தியத்தில் முதலாவது தேத்தண்ணி. எங்கள் ஊரில் நிறை ஏறுவதற்குச் சோற்றைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். தேத்தண்ணியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி, நாளைக்கு ஆறு தேத்தண்ணி என்றால் 18 கரண்டி. ஏறக்குறைய 90 கிராம் சீனி, 360 கலோரி. 100 கிராம் அரிசியில் இருக்கும் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்குப்படி ஒரு வளர்ந்த ஆளுக்குச் சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. இதில் ரின்பால் ஊற்றுகிற கடைத் தேத்தண்ணியை நான் இன்னும் சேர்க்கவில்லை. பெரியம்மா சீனி போட்ட தேத்தண்ணியைக் காலையில் ஒன்றோடு நிறுத்தினா. மற்ற நேரம் வெறும் தேத்தண்ணி, கூட இஞ்சி.

இரண்டாவது இரவுச் சாப்பாடு. இதுதான் கஷ்டமான இடம். பகலில் வேலை, வெயில், அரைகுறைச் சாப்பாடு. இரவு எட்டரை ஒன்பதுக்குக் குடும்பமாக இருந்து புட்டோ இடியப்பமோ கொத்துரொட்டியோ வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறோம். காலையில் பசி இல்லை என்று வெறும் தேத்தண்ணியோடு வெளிக்கிடுகிறோம். பத்து மணிக்கு வயிறு காந்தும், அப்போது ரோல்ஸோ பற்றீஸோ வடையோ கைக்கு வரும். கடையில் "பசி தாங்க முடியுதில்ல" என்று சொல்பவர்களிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் ஒன்றும் இல்லை என்கிறார்கள். பசியை அடக்க மருந்து தேடுமுன் அந்தப் பசி எங்கே உண்டானது என்று பார்க்க வேண்டும். பெரியம்மா வீட்டில் காலையில் கஞ்சி கட்டாயமானது. வல்லாரையோ முருங்கை இலையோ இடித்துச் சாறு பிழிந்த இலைக்கஞ்சி சில நாள். கொள்ளும் சிவப்பு நாட்டரிசியும் சேர்த்துக் காய்ச்சியது சில நாள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மா சொல்லவில்லை. கொள்ளில் புரதமும் நாரும் நிறைய. பகல் வரைக்கும் வயிறு பேசாமல் இருக்கும். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு வந்தது, பாதியாகவும் ஆனது.

பகல் கோப்பையில் மாற்றியது ஒழுங்கை மட்டும்தான். முதலில் சுண்டலும் மீனும், பிறகு சோறு. எங்களுக்கு வாவியும் கடலும் பக்கத்தில். கீரி, சூடை என்று மலிவான மீனுக்குக் குறைவில்லை. சோறு கொஞ்சம் ஆணம் நிறைய என்று சாப்பிட்டு வயிறு நிரம்புவது மூலிகைக் கப்சூலைவிட நம்பிக்கையான பசியடக்கி. எருமைத் தயிரைப் பெரியம்மா விடவில்லை, விடச் சொல்லவும் இல்லை. அதன் மேல் ஊற்றும் பாணியைத்தான் விட்டா.

மூலிகை? அதுவும் இருந்தது, சமையல் பாத்திரத்துக்குள். குறிஞ்சா கைக்குக் கிடைக்கும் நாளில் சுண்டல். வெந்தயம் ஒரு தேக்கரண்டி இரவில் ஊறவைத்துக் காலையில் தண்ணீரோடு. வெந்தயத்தின் நார் தண்ணீரில் பசை மாதிரி ஊதும். வயிறு காலியாவதைத் தாமதமாக்கும், சாப்பிட்ட பிறகு சீனி ஏறும் வேகத்தையும் குறைக்கும். நிறை கூடியவர்களுக்கு 8 கிராம் வெந்தய நாரைச் சாப்பாட்டோடு கொடுத்துப் பார்த்த சின்ன ஆய்வொன்றில் வயிறு நிறைந்த உணர்வு கூடியிருக்கிறது. வெந்தயமும் சீனியைக் குறைக்கக் கூடியது என்பதால் டொக்டரிடம் சொல்லித்தான் தொடங்கினோம். இசப்கோலும் இதே வகை. நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் அடைக்கும். தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் இந்த நார்ப் பொடிகளைக் குளிசையோடு சேர்த்து விழுங்கக் கூடாது, சில மணித்தியாலம் இடைவெளி விட வேண்டும். நார் குளிசையையும் பிடித்துக்கொள்ளும்.

நடையைப் பற்றிப் பேசாமல் முடியாது. 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தில், பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகு, காலையிலும் மாலையிலும் நடப்பவர்கள் இப்போது நிறைய. வாவிக் காற்று இலவசம். ஆனால் எல்லோரும் அங்கே வந்து நடக்க முடியாது. கிராமத்துப் பெண்கள் தனியாக ரோட்டில் நடந்தால் "எங்க போற?" என்று நாலு பேர் கேட்பார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எட்டு மணிக்கே வெயில் சுடும். மாரியில் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். பெரியம்மாவும் அம்மாவும் விடியலில் கோயிலுக்குப் போய்ப் பெரிய வீதியைச் சுற்றி வந்தார்கள். கோயிலைச் சுற்றினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. மழை நாளில் விறாந்தையின் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலுக்குள் இறங்கி நடந்த தலைமுறைக்கு நடையைத் தனியாகத் தேட வேண்டி இருக்கவில்லை. எங்களுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது நல்லதுதான், ஆனால் அந்த நடையை வேறெங்காவது ஈடுசெய்யத்தான் வேண்டும்.

இது எவ்வளவு பயன் தரும் என்பதற்கு எங்கள் ஆட்களைப் போன்றவர்களிடமே சான்று உண்டு. சென்னையில் சீனி வருத்தம் வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு 28.5 வீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு நிறை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு முள் அசையவில்லை என்று நடையை விட்டுவிடுகிறவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். உடம்புக்குள் நல்லது நடந்துகொண்டிருக்கும்.

நித்திரையும் பத்தியத்தில் சேர்த்திதான். குறைவாக நித்திரை கொண்டால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும். 2004இல் இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணித்தியாலம் மட்டும் படுக்க விட்டுப் பார்த்தபோது அப்படித்தான் நடந்தது, பசியும் கூடியது. நடுச்சாமம் வரை தொலைபேசியைப் பார்த்துவிட்டுக் காலையில் பசியடக்கும் கப்சூல் விழுங்குவதில் என்ன பலன்?

பெரியம்மாவுக்கு ஒரு வருடத்தில் நாலைந்து கிலோ இறங்கியது. கேட்பவர்கள் "அவ்வளவுதானா?" என்கிறார்கள். எண்பது கிலோவுக்குக் கிட்ட இருந்த ஆளுக்கு அது நூற்றுக்கு ஐந்துக்கு மேல். ஐந்து வீதம் இறங்கினாலே சீனியும் பிரஷரும் முழங்கால் நோவும் நல்ல பக்கம் திரும்பும். கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும் பெண்ணுக்கும் நான் சொல்வது கிழமைக்கு அரைக் கிலோ, அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். எங்கள் ஆசிய உடம்புக்கு உடற்திணிவுச் சுட்டி (BMI, கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. தையல் ரேப் எல்லா வீட்டிலும் இருக்கிறதே, அதை மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக அந்தத் தேயிலைப் பெட்டிகளும் பெயர் தெரியாத போத்தல்களும். மெலியும் தேயிலை பலவற்றில் இருப்பது நிலாவாரை. வயிற்றாலை போகும், தண்ணீர் இறங்கும், தராசு ஒரு கிலோ குறைத்துக் காட்டும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். தொடர்ந்து குடித்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும், அது இதயத்துக்குக் கூடாது. போத்தல்களில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. 'முழுக்க இயற்கை' என்று எழுதிய சில மெலியும் கப்சூல்களுக்குள் சிபுட்ரமின் என்ற மருந்தைக் கலந்து விற்றிருப்பதைப் பல நாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையை நிறுத்திய மருந்து. ஒரு மூலிகைக் கப்சூல் போட்ட இரண்டாம் நாளே பசி அடியோடு நின்று, நெஞ்சு படபடத்து, வாய் காய்ந்து, நித்திரை வராமல் போனால் உள்ளே மூலிகை மட்டும் இருப்பதாக நான் நம்ப மாட்டேன்.

சித்த வைத்தியரிடம் போக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போங்கள். படித்துப் பதிவு செய்த வைத்தியர்கள் எங்கள் மாகாணத்தில் இருக்கிறார்கள். திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். அவர்கள் உங்கள் நாடி பார்த்து, சாப்பாடு கேட்டு, பத்தியமும் சேர்த்துச் சொல்வார்கள். போகும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும், ஈரல், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளும் கேட்டால் பசியடக்கும் எதையும் நான் கொடுப்பதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும். சாப்பாட்டைக் குறைக்காமலே நிறை தானாக இறங்குகிறது, தாகமும் பசியும் கூடுகிறது என்றால் சந்தோஷப்படாமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சீனி வருத்தமும் தைரொயிட் வருத்தமும் அப்படித்தான் தொடங்கும். வெளிநாட்டில் இருந்து ஆர் அனுப்பிய போத்தல் என்றாலும், விழுங்குவதற்கு முன் என்னைப் போன்ற ஒரு மருந்தாளரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். அதில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்ல நாங்கள் காசு வாங்குவதில்லை.